திருடியவளுக்காக ஏன் அழுகிறோம்?

கேள்வி: எங்கள் மகளிர் குழுவில் ‘ரீபர்த்’ என்ற ஜப்பானியப் படத்தைத் திரையிட ஆசை. முதலில் நான் மட்டும் பார்த்தேன். பச்சைக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனவளுக்காக அழுதேன். பெற்றவள் மேல் எரிச்சல் வந்தது. அது இப்போதும் உறுத்துகிறது. மற்றவர்களும் இப்படித்தான் பார்ப்பார்களா? எப்படித் திரையிடுவது?

பதில்: பெரும்பாலும் அப்படித்தான் பார்ப்பார்கள். மிட்சுயோ ககுதாவின் நாவலிலிருந்து இசுரு நருஷிமா 2011இல் எடுத்த இந்தப் படம் அப்படித்தான் கட்டப்பட்டிருக்கிறது. தூக்கிக்கொண்டு போன கிவாகோ, குழந்தையோடு ஓடித் திரிந்த நான்கு வருடங்களுக்குக் கடல், வெயில், திருவிழா எல்லாம் கிடைக்கின்றன. அதே நான்கு வருடங்கள் பெற்றவளான எட்சுகோ வெறும் வீட்டில் காத்திருந்ததைப் படம் காட்டுவதே இல்லை. கண்ணில் படாத துக்கத்துக்கு யாரும் அழுவதில்லை. படத்தின் பெரிய குறையும் இதுதான் என்பேன்.

அதனால் முதல் காட்சியை யாரும் தவறவிடக் கூடாது. நீதிமன்றத்தில் இரண்டு பெண்களும் நேராக நம்மைப் பார்த்துப் பேசுகிறார்கள். எட்சுகோவின் ஆத்திரம் எங்கிருந்து வருகிறது என்பது அங்கேதான் இருக்கிறது. தாமதமாக வருகிறவர்களுக்கு அவள் வெறும் கத்துகிற பெண்ணாகவே தெரிவாள். எல்லோரும் உட்கார்ந்த பிறகே தொடங்குங்கள்.

படம் 147 நிமிடம். கடத்தல் காலமும், வளர்ந்த எரினாவின் காலமும் மாறி மாறி வரும். கிவாகோ வைத்த பெயர் கவோரு, பெற்றோர் வைத்தது எரினா, இரண்டும் ஒரே பெண்தான் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் முதல் அரை மணி நேரம் குழப்பத்திலேயே போய்விடும். பெண்கள் மட்டும் வாழும் ஏஞ்சல் ஹோமிலிருந்து கிவாகோ தப்பி, ஷோதோஷிமா தீவுக்குப் போகும் முன் இடைவேளை விடுங்கள். தீவுப் பகுதியை அறுக்காதீர்கள். வயல் பூச்சிகளை விரட்டத் தீப்பந்தம் ஏந்தி வரப்புகளில் நடக்கும் முஷி ஒகுரி சடங்கும், அதில் யாரோ எடுத்த புகைப்படம் கிவாகோவைக் காட்டிக்கொடுப்பதும், துறைமுகத்தில் கைதாகும்போது “குழந்தை இன்னும் சாப்பிடவில்லை” என்று அவள் கதறுவதும் ஒரே மூச்சில் பார்க்க வேண்டியவை.

கருக்கலைப்பு கதையின் மையத்தில் இருக்கிறது. குழந்தையை இழந்தவர்கள், தத்தெடுத்தவர்கள் உங்கள் குழுவில் இருந்தால் தனியாக அழைத்து முன்பே சொல்லுங்கள். வர விருப்பமில்லை என்றால் வற்புறுத்த வேண்டாம்.

பேச்சை “யார் நல்ல தாய்?” என்று தொடங்கினால் பத்து நிமிடத்தில் சண்டையாகிவிடும். ஒரே ஒரு காட்சியிலிருந்து தொடங்குங்கள். வீடு திரும்பிய சிறுமி, நட்சத்திரப் பாட்டுப் பாடச் சொல்கிறாள். எட்சுகோ தனக்குத் தெரிந்ததைப் பாடுகிறாள். அது இல்லை என்கிறாள் குழந்தை. அவள் கேட்பது கிவாகோ பாடிய பாட்டு. எட்சுகோ உடைந்து போகிறாள். அந்த இடத்தில் யாருக்கு எரிச்சல் வந்தது, யாருக்கு வயிறு கலங்கியது என்று கேளுங்கள்.

அடுத்து, எட்சுகோவின் கணவனைப் பற்றிக் கேளுங்கள். மனைவி இருக்கும்போதே கிவாகோவோடு பழகி, அவள் கருவைக் கலைக்கச் சொன்னவன் அவன்தான். இரண்டு பெண்களை எதிரெதிரே நிறுத்தி நியாயம் பேசுகிற நாம், அவனை எத்தனை முறை நினைத்தோம்?