பேரனுக்கு ஸ்கோர் 27: ஆபரேஷன் தாங்குவானா?

கேள்வி: என் மகள் வயிற்றுப் பேரன் காரைக்குடியில் பிறந்தான், எடை 2.4 கிலோ. உணவுக்குழாய் பாதியில் அடைபட்டிருப்பதாகச் சொல்லி, ஆம்புலன்ஸில் மதுரைக்குக் கொண்டுபோனோம். மறுநாள் ‘ஸ்நாப்பி-2 ஸ்கோர் 27’ என்றார்கள். இவ்வளவு ஸ்கோர் இருந்தால் ஆபரேஷன் தாங்காது என்கிறார் சொந்தக்காரர் ஒருவர். கையெழுத்துப் போடலாமா?

பதில்: ஆச்சி, அந்த 27-ஐ மட்டும் வைத்துக்கொண்டு யாரும் அப்படிச் சொல்லிவிட முடியாது.

ஸ்நாப்பி-2 என்பது பிறந்த குழந்தையின் நோய் எவ்வளவு தீவிரம் என்று அளக்க 2001-இல் வெளியான கணக்கு. தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்ந்த முதல் 12 மணி நேரத்தில் ரத்த அழுத்தம், உடல் சூடு, ஆக்சிஜன், ரத்தத்தின் அமிலநிலை (pH), சிறுநீர், வலிப்பு ஆகியவை எந்த அளவுக்கு மோசமாகப் போயின என்று பார்த்துப் புள்ளி போடுவார்கள். பிறப்பு எடை, கருவில் வளர்ச்சி, பிறந்த 5-ஆம் நிமிடத்தில் மூச்சு, இதயத்துடிப்பு முதலியவற்றைப் பார்த்துப் போடும் அப்கார் மதிப்பெண் ஆகியவையும் சேரும். உச்சம் 162. கூடக் கூட ஆபத்து அதிகம்.

இந்த 27 எப்படி வந்தது என்பதுதான் முக்கியம். உதாரணமாக, ஒரு குழந்தைக்கு உடல் சூடு 35 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் அதற்கே 15 புள்ளி. அமிலநிலை 7.15 என்றால் 7, ஆக்சிஜன் ஓரளவு குறைந்தால் 5. ஆகமொத்தம் 27. இன்னொரு குழந்தைக்குத் திரும்பத் திரும்ப வலிப்பு வந்தால் 19, சூடு லேசாகக் குறைந்ததற்கு 8, அதுவும் 27தான். முதல் குழந்தையைச் சூடாக்கி மூச்சைச் சரிசெய்தாலே பெரும்பாலும் தேறிவிடும். இரண்டாவதற்கு மூளையைப் பார்க்காமல் எதுவும் சொல்ல முடியாது.

காரைக்குடியிலிருந்து மதுரைக்கு ஏறக்குறைய இரண்டு மணி நேரப் பயணம். பச்சைக் குழந்தை வழியில் குளிர்ந்துபோக அது தாராளம். அதனால் வந்து சேர்ந்தபோது சூடு எவ்வளவு இருந்தது என்று கேளுங்கள். இன்னொன்று, இதில் கணக்கெடுப்பது அந்த 12 மணி நேரத்தின் மோசமான அளவுகளை. பிள்ளை இன்று நன்றாக இருந்தாலும் 27 குறையாது. இன்றைய நிலையை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

அப்புறம், இந்த ஸ்கோருக்கு உணவுக்குழாய் அடைப்பைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஒரே மாதிரி நோயுற்ற குழந்தைகளை ஒப்பிட்டு, ஒரு மருத்துவமனை தன் சிகிச்சையை எடைபோட அது நல்ல கருவி. உங்கள் பேரனின் குறைபாட்டுக்கென்றே லண்டன் அறுவை நிபுணர் ஸ்பிட்ஸின் குழு 1994-இல் ஒரு வகைப்பாட்டை வெளியிட்டது. அதில் பார்ப்பது இரண்டே விஷயம்: எடை 1500 கிராமுக்குக் குறைவா, இதயத்தில் பெரிய கோளாறு உண்டா. இரண்டும் இல்லாத குழந்தைகளில் 97 சதவீதம் பிழைத்தார்கள். ஒன்று இருந்தால் 59, இரண்டும் இருந்தால் 22. லண்டன் எண்ணை நம் ஊருக்கு அப்படியே பொருத்தக் கூடாது. தாமதமாக வந்து சேர்வதும் நிமோனியாவும் கிருமித்தொற்றும் இங்கே கணக்கை மாற்றிவிடும். ஆனாலும் எடை விஷயத்தில் உங்கள் பேரனுக்குக் கவலையில்லை. எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்தாயிற்றா, இதயம் எப்படி என்று கேட்டுவிடுங்கள்.

மூச்சும் சூடும் சீராகட்டும் என்று டாக்டர் ஒரு நாள் காத்திருக்கச் சொன்னால் பதற வேண்டாம், அது வழக்கம்தான். அதுவரை சேனை வைக்கிறோம் என்று யாரும் சர்க்கரைத் தண்ணீரோ தேனோ வாயில் வைக்கக் கூடாது; நுரையீரலுக்குள் போய்விடும். மகளை இப்போதிருந்தே பாலைப் பிழிந்துவரச் சொல்லுங்கள். ஆபரேஷனுக்குப் பிறகு குழாய் வழியாகக் கொடுக்கத் தேவைப்படும். எக்கோவில் பெரிய கோளாறு இல்லை, தயாராகிவிட்டான் என்று அறுவை நிபுணர் சொன்னால், கையெழுத்துப் போடுங்கள்.