பழைய 486-க்கு இணையம்

கேள்வி: அப்பா வாங்கிய 486 சிப் கணினி டாஸ் 6.22 இயங்குதளத்தில் இன்னும் ஓடுகிறது. வீட்டு ஃபைபர் ரூட்டரோடு இணைக்க முடியுமா?
– வாசகர், சாட்ஸ்வொர்த், டர்பன்

பதில்: தாராளமாக. மூடியைக் கழற்றியதும் மதர்போர்டு பேட்டரி பச்சை பூத்துக் கசிந்திருக்கிறதா என்று பாருங்கள். கசிந்திருந்தால் முதலில் அதை அகற்றுங்கள்.

ஆர்ஜே45 (ரூட்டர் கேபிள் செருகும்) துளையுள்ள, என்இ2000 வகை ஐஎஸ்ஏ (அக்கால மதர்போர்டு ஸ்லாட்டில் பொருந்தும்) நெட்வொர்க் கார்டு வேண்டும். பல கார்டுகள் ஐஆர்க்யூ (கார்டு செயலியைக் கூப்பிடும் தடம்) 3-இல் வரும். அது காம்2 என்ற சீரியல் போர்ட்டுக்கு உரியது. இரண்டும் மோதினால் கார்டு இருந்தும் இல்லாத மாதிரிதான். கார்டை ஐஆர்க்யூ 10-க்கு மாற்றுங்கள். பாக்கெட் டிரைவரை (டாஸில் கார்டை இயக்கும் சிறு நிரல்) ஏற்றி, இலவசமாகக் கிடைக்கும் எம்டிசிபி என்ற டாஸ் இணைய நிரல் தொகுப்பின் டிஹெச்சிபி நிரலை ஓட்டினால் ரூட்டரிடமிருந்து ஐபி முகவரி வந்துவிடும்.

கார்டில் விளக்கே எரியவில்லையா? சில புது ரூட்டர்கள் 10 மெகாபிட் வேகத்தை ஏற்பதில்லை. நடுவில் பழைய 10/100 சுவிட்ச் வையுங்கள்.

எஃப்டிபி (கோப்புப் பரிமாற்றம்), டெல்நெட் (வேறு கணினியில் எழுத்து வழி நுழைவது) அருமையாக நடக்கும். எச்டிடிபிஎஸ் (மறையாக்கம் கொண்ட) தளங்களுக்கு மட்டும், மறையாக்கத்தைச் சுமக்க ராஸ்பெரி பை என்ற சிறு கணினியில் ஒரு ப்ராக்ஸி (இடைத்தரகர் நிரல்) தேவை.