மேசைப் போர்க்களம்: வாசகர் கேள்வி–பதில்

கே: ஆறு பேர் ஞாயிறுதோறும் கூடி 15 மி.மீ. பொம்மைகளை வைத்து வார்கேம் (மேசைமேல் பொம்மைப் படைகளை நகர்த்தும் போர் விளையாட்டு) ஆடுகிறோம். ஒவ்வொரு வாரமும் தனித்தனிப் போர் ஆடி அலுத்துவிட்டது. 1751 கர்நாடகப் போரை ஒரே கேம்பெய்னாக, அதாவது ஒரு போரின் முடிவு அடுத்ததைப் பாதிக்கும் தொடராட்டமாக, ஆட ஆசை. எங்கிருந்து தொடங்குவது? – சென்னை வாசகர்

ப: முதலில் ஒருவரை அம்பயராக, இரு தரப்பின் ரகசிய உத்தரவுகளையும் வாங்கி முடிவு சொல்லும் நடுவராக, ஒதுக்கிவிடுங்கள். அம்பயர் இல்லாவிட்டால் யார் எங்கே இருக்கிறார் என்பது எல்லோருக்கும் தெரிந்துவிடும். பிறகு அது கேம்பெய்ன் இல்லை, பெரிய சதுரங்கம். ஆற்காட்டு நவாப் பதவிக்குப் போட்டியிட்டவர்கள் முகமது அலியும் சந்தா சாகிப்பும். ஆகவே மிச்சம் ஐந்து பேரில் ஆங்கிலேயர்–முகமது அலி பக்கம் இருவர், பிரெஞ்சு–சந்தா சாகிப் பக்கம் இருவர். ஐந்தாமவருக்கு மைசூரையும் முராரி ராவின் மராட்டியரையும் கொடுங்கள். யார் அதிகம் தருகிறாரோ அவர் பக்கம் சாயலாம் என்ற உரிமையும் அவருக்கே. உள்ளதிலேயே சுவையான வேடம் அதுதான்.

வரைபடத்துக்கு அறுகோணக் கட்டமெல்லாம் வேண்டாம். சார்ட் பேப்பரில் இருபது ஊர்களை வட்டமிட்டுச் சாலைகளைக் கோடாகப் போட்டால் போதும். ஒரு கோடு ஏறத்தாழ 40 கி.மீ. சென்னை–ஸ்ரீபெரும்புதூர், அங்கிருந்து காஞ்சிபுரம், அங்கிருந்து ஆற்காடு என மூன்று கோடு. ஆகஸ்ட் 26 அன்று சென்னையிலிருந்து கிளம்பிய ஆங்கிலேயப் படைத்தலைவர் கிளைவ், மூன்று பீரங்கிகளையும் இழுத்துக்கொண்டு, செப்டம்பர் 1 அன்று ஆற்காட்டுக்குள் நுழைந்தார். ஆகவே ஒரு சுற்று என்பது ஒரு வாரம். பீரங்கியோடு போகும் காலாட்படைக்கு மூன்று கோடு, தனிக் குதிரைப்படைக்கு ஐந்து, கோட்டைச் சுவரை உடைக்கும் கனரகப் பீரங்கிக்கு ஒன்றே ஒன்று. ஐப்பசி அடைமழை பிடித்ததும் எல்லாவற்றையும் பாதியாக்கி, மேல்நோக்கி முழு எண்ணாக்குங்கள்.

ஆகஸ்ட் கடைசி முதல் நவம்பர் நடுப்பகுதிவரை பன்னிரண்டு சுற்று. அதோடு நிறுத்துங்கள். 1752 ஜூனில் ஸ்ரீரங்கத்தில் பிரெஞ்சுப்படை சரணடைந்ததுவரை ஒரே மூச்சில் இழுத்தால் பாதியிலேயே ஆள் கழன்றுவிடும். ஆசையிருந்தால் அதை இரண்டாம் பாகமாக வைத்துக்கொள்ளலாம். உத்தரவுகள் புதன் இரவுக்குள், அம்பயரின் முடிவு வெள்ளியன்று, போர் மூண்டால் ஞாயிறு மேசை. மூளாத சுற்றை வாட்ஸ்அப்பிலேயே முடித்துவிடலாம்.

விதிகளைச் சேர்க்கும்போது ஒன்றே ஒன்றைக் கேட்டுப் பாருங்கள்: இது அடுத்த போரில் மேசைக்கு வரும் படையை, களத்தை, நேரத்தை மாற்றுமா? மாற்றாது என்றால் தூக்கி எறியுங்கள். வரி வசூல் அட்டவணை, உளவாளிச் சீட்டு என்று அடுக்கிக்கொண்டே போனால் மூன்றாவது சுற்றில் அம்பயர் கணக்குப்பிள்ளையாகிவிடுவார்.

கே: கிளைவ் பிடித்த ஆற்காட்டை முற்றுகையிட்ட ராசா சாகிப்பிடம் (சந்தா சாகிப்பின் மகன்) பத்தாயிரம் பேர், கிளைவிடம் சில நூறு பேர். இதை எந்த அளவில் மேசைக்குக் கொண்டுவருவது? – மதுரை வாசகர்

ப: இரண்டு அளவு வையுங்கள். ஐரோப்பியருக்கும் கம்பெனிச் சிப்பாய்க்கும் ஒரு பொம்மை பத்துப் பேர். நவாப் படைக்கு ஒரு பொம்மை ஐம்பது பேர். கிளைவோடு கிளம்பிய 200 வெள்ளையரும் 300 சிப்பாய்களும் 50 பொம்மை. எதிரே 150 பிரெஞ்சுக்காரருக்குப் பதினைந்து, 3,000 குதிரைக்கு அறுபது, 2,000 சிப்பாய்க்கு நாற்பது. 5,000 பியூன்களை (முறையான பயிற்சியில்லாத காலாட்களை) வரைபடத்திலேயே விட்டுவிடலாம். வழியை அடைத்து நிற்பதுதான் அவர்கள் வேலை. அளவு வேறானாலும் சுடும்போது ஒரு பொம்மைக்கு ஒரே பகடைதான். பயிற்சியும் துப்பாக்கித் தரமும் கொடுத்த வித்தியாசம் அதிலேயே வந்துவிடும், தனி விதி எழுத வேண்டாம்.

கே: இரு தரப்பும் எழுதிக்கொடுத்த உத்தரவுப்படி ஒரே நேரத்தில் நகர்த்துகிறேன். போன வாரம் காஞ்சியிலிருந்து ஆற்காட்டுக்கும் ஆற்காட்டிலிருந்து காஞ்சிக்கும் கிளம்பிய இரண்டு படைகள் மோதாமலே இடம் மாறிவிட்டன. பெரிய சண்டையாகிவிட்டது. – அம்பயர் ஒருவர், கோவை

ப: முடிவிடத்தை மட்டும் பார்த்து நகர்த்தியதால் வந்த வினை. ஒவ்வொரு கோடாக நகர்த்துங்கள்: எல்லாப் படைக்கும் முதல் கோடு, சரிபார்ப்பு, பிறகு இரண்டாவது கோடு. ஒரே கோட்டில் எதிரெதிரே வந்தால் நடுவழியில் சந்திப்பு. களத்தில் ஊரோ கோட்டையோ இருக்காது, வயலும் ஏரிக்கரையும்தான்.

இதற்குத் தீப்பெட்டி முறை பழையது, இன்றும் அதை மிஞ்ச ஒன்றில்லை. இருபது ஊருக்கு இருபது காலித் தீப்பெட்டிகளை ஐந்துக்கு நான்காக ஒட்டி, இழுப்பறை முகப்பில் ஊர்ப்பெயர் எழுதுங்கள். ஒவ்வொரு படைக்கும் ஒரு சிறு அட்டை. படை எந்த ஊரிலோ அட்டை அந்தப் பெட்டியில். ஒரே பெட்டியில் இரண்டு நிற அட்டை விழுந்தால் மோதல். ஒரு தரப்புக்கு மூன்று படைக்கு மேல் அனுமதிக்காதீர்கள். நான்காவது படையைக் கேட்பவர் பெரும்பாலும் ஐந்து பேரை ஒவ்வொரு ஊரிலும் நிறுத்தி உளவு பார்க்கத்தான் கேட்பார்.

எதிரியின் பலத்தைச் சொல்லும்போதும் உண்மையை அப்படியே கொடுக்காதீர்கள். பகடையில் 1–2 விழுந்தால் பாதி, 3–4 சரியான எண்ணிக்கை, 5–6 ஒன்றரை மடங்கு. குதிரைப்படை கூட இருந்தால் மட்டும் சரியான எண்.

கே: இரண்டு போர் தோற்ற தரப்பு, இனி ஆடி என்ன பயன் என்கிறது. – திருச்சி வாசகர்

ப: மேசையிலிருந்து எடுத்த பொம்மையெல்லாம் செத்த கணக்கு என்று வைத்திருப்பீர்கள். அப்படி வைத்தால் முதல் போரிலேயே கேம்பெய்ன் முடிந்துவிடும். விழுந்தவர்களில் பாதிப் பேர் சிதறி ஓடியவர்களும் லேசான காயக்காரர்களும். அடுத்த சுற்றில் வென்றவருக்கு இழந்ததில் பாதியும், தோற்றவருக்கு மூன்றில் ஒன்றும் திரும்பட்டும். வென்றவரிடம் குதிரை இருந்து துரத்தினால் தோற்றவருக்கு ஆறில் ஒன்றுதான்.

சிப்பாய்களைச் சென்னையிலோ புதுச்சேரியிலோ சுற்றுக்கு ஐந்து பொம்மை வீதம் புதிதாகச் சேர்க்கலாம். விழுந்த வெள்ளையருக்குப் பதில் புது ஆள் கிடையாது. சோழமண்டலக் கரையில் புயலுக்கு ஒதுங்கத் துறைமுகம் இல்லாததால் அக்டோபரில் கப்பல்கள் கிளம்பிவிடும். தை பிறக்கும்வரை ஆள் வராது. வென்றவரும் இதனால் கை அடக்கித்தான் ஆடுவார்.

தோற்றவருக்கு இன்னொன்றும் கொடுங்கள்: அடுத்த களத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை. ஆரணியில் தோற்ற அதே தரப்பு, 1752 பிப்ரவரியில் காவேரிப்பாக்கத்து மாந்தோப்பில் பீரங்கிகளை மறைத்து வைத்துக் காத்திருந்தது. கிளைவ் இருட்டில் ஒரு பிரிவைச் சுற்றி அனுப்பித் தோப்பின் பின்புறம் போயிருக்காவிட்டால் கதை வேறு.

கே: முற்றுகையை மேசையில் ஆடினால் மூன்று ஞாயிறு போய்விடுகிறது, எல்லோரும் கொட்டாவி விடுகிறார்கள். – பெங்களூரு வாசகர்

ப: ஐம்பது நாள் முற்றுகையில் மேசைக்குரியது கடைசி நாள் மட்டுமே. மிச்சத்தைத் தாளில் நடத்துங்கள். கோட்டைக்கு எட்டுச் சுற்று உணவு. கனரகப் பீரங்கி வந்து சேர்ந்தபின் சுற்றுக்கு ஒரு பகடை உருட்டிக் கூட்டுங்கள். பத்தைத் தொட்டால் சுவரில் பிளவு. சிறு பீரங்கிக்குப் பகடை இல்லை. அந்தக் கனரகப் பீரங்கி புதுச்சேரியிலிருந்து சுற்றுக்கு ஒரு கோடாக ஊர்ந்து வரவேண்டும். வழியில் மடக்க எதிர்தரப்பு துடிக்கும். முற்றுகையின் உண்மையான போர் அந்தச் சாலையில்தான் மூளும்.

நவம்பர் 14 தாக்குதலை மட்டும் மேசையில் வையுங்கள்: இரண்டு வாசல், இரண்டு பிளவு, உள்ளே இருபது பொம்மை. அது ஒரு மணி நேரத்தில் முடிந்த சண்டை, அதனால் மேசையில் இரு தரப்பும் எட்டு முறை நகர்த்தியதற்கு மேல் ஓடவிடாதீர்கள். வாசலை இடிக்க நெற்றியில் இரும்புத் தகடு கட்டிய யானைகள் வந்தன. குண்டு பட்டதும் பகடை உருட்டி, 4க்கு மேல் விழுந்தால் யானை திரும்பி வந்த வழியே ஓடும். எதிர்ப்படும் சொந்த அணிக்கு இரண்டு பொம்மை நஷ்டம். அன்று நடந்ததும் அதுவே.

கே: உத்தரவு அனுப்பாதவரை என்ன செய்வது? – சேலம் வாசகர்

ப: படை இருந்த இடத்திலேயே நிற்கும், ஒரு சுற்று உணவு செலவாகும். இரண்டாம் முறையும் அனுப்பாவிட்டால் கூட்டாளியிடம் படை போய்விடும். இதைத் தொடங்கும் முன்பே எழுதி ஒட்டிவிடுங்கள், பிறகு சொன்னால் மனத்தாங்கல்.

கே: பிரெஞ்சுத் தரப்பு நூல்களில் தேதிகள் பதினொரு நாள் தள்ளியே வருகின்றன. அச்சுப்பிழையா? – ஈரோடு வாசகர்

ப: இல்லை. ஆங்கிலேயர் 1752 செப்டம்பர்வரை பழைய நாட்காட்டியில் இருந்தார்கள், பிரெஞ்சுக்காரர் புதியதில். இந்தப் பக்கத்தில் சொன்ன நாட்கள் ஆங்கிலேயக் கணக்கு. அவற்றோடு 11 கூட்டினால் பிரெஞ்சுத் தேதி வரும். அம்பயர் ஏட்டில் ஒன்றை மட்டும் வையுங்கள்.