புல்லை ஒட்ட வெட்டினால் வேர் மண்ணுக்குக் காபன் கொடுக்குமா?

மட்டக்களப்பின் வவுணதீவுப் பக்கம் பால்மாடு வளர்க்கும் வாசகர் ஒருவர், மணற்பாங்கான நிலத்தில் சீஓ-3 என்ற கலப்பின நேப்பியர் தீவனப்புல்லை நட்டு நிலத்தோடு ஒட்ட வெட்டி வருகிறார். இலை போனதும் வேர் தன் காபனை மண்ணில் விடும், எனவே அடிக்கடி வெட்டினால் மண் வளமாகும் என்று ஒருவர் அவரிடம் சொல்லியிருக்கிறார். ஆனால் புல்லோ வெட்டுக்கு வெட்டு மெலிகிறது. எதை நம்புவது என்று கேட்கிறார்.

சொன்னவர் முழுக்கப் பிழையாகச் சொல்லவில்லை. வேரிலிருந்து காபன் சுவாசத்தின்போது காபனீரொட்சைட்டாகவும், வேர் கசியவிடும் வெல்லங்களாகவும் சேதன அமிலங்களாகவும், இறந்து உக்கும் நுண்வேர்களாகவும் வெளியேறுகிறது. இவை அனைத்துக்கும் மூலம் இலையில் நடக்கும் ஒளித்தொகுப்பே. 2001 இல் ஹமில்டன், ஃபிராங்க் என்ற ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வில், இலை வெட்டப்பட்ட நீலப்புல் (கென்டக்கி புளூகிராஸ்) என்ற மேய்ச்சல் புல்லின் வேர்க்கசிவு கூடி, அதை உண்ட நுண்ணங்கிகள் பெருகி, புல்லுக்கு நைதரசன் கூடுதலாகக் கிடைத்தது. வேறு புற்களில் நடந்த சில பரிசோதனைகளிலோ கசிவு குறைந்தது. புல்லினமும் வெட்டின் கடுமையும் முடிவை மாற்றுகின்றன.

கசிவு கூடினாலும் அது சேமிப்பு ஆகாது. கசியும் வெல்லத்தை நுண்ணங்கிகள் மிக விரைவில் உண்டு, பெரும்பகுதியைக் காபனீரொட்சைட்டாகவே வெளிவிடுகின்றன. மண்ணில் நிலைப்பது பெரும்பாலும் வேரின் எச்சமும் நுண்ணங்கிகளின் எச்சமும்தான்; அதற்கு வேர் தொடர்ந்து வளர வேண்டும். இலையை இழந்த புல் கையிருப்பு வெல்லத்தைப் புதிய தளிருக்கே முதலில் அனுப்புவதால், வேரின் சுவாசம் தணிந்து வளர்ச்சியும் தடைப்படுகிறது. 1955 இல் அமெரிக்க ஆய்வாளர் கிரைடர் காட்டியது இதைத்தான்: இலைப்பகுதியில் பாதிக்கு மேல் ஒரேயடியாக அகற்றப்பட்டபோது பெரும்பாலான புற்களின் வேர்வளர்ச்சி சிறிது காலம் நின்றுபோனது. நீரும் பசளையும் தங்காத நமது மணல் நிலத்தில் வேர் நிற்பது பெரும் இழப்பு.

இதை நீங்களே பார்க்கலாம். வெட்டி ஒரு வாரம் கழித்து ஒரு தூரின் ஓரத்தை மண்வெட்டியால் கிளறி, வேர்களைக் கழுவிப் பாருங்கள். வளரும் வேரின் நுனி வெள்ளையாக இருக்கும், நின்றுபோன வேர் நுனிவரை பழுப்பாகத் தெரியும்.

எனவே நிலத்திலிருந்து 4 முதல் 6 அங்குலம் விட்டு வெட்டுங்கள். தூரில் உள்ள இளங்கிளைகளின் இலைகளை இயன்றவரை விட்டுவையுங்கள். சுமார் 45 நாள் இடைவெளி பொதுவாகப் போதும்; கோடையில் நீர் பாய்ச்ச முடியாவிட்டால் அதையும் நீட்டுங்கள். மண்ணின் காபனைக் கூட்டுவதுதான் நோக்கமென்றால், ஒவ்வொரு வெட்டுக்குப் பின்னும் மக்கிய மாட்டெருவைத் தூரடியில் இடுவதே நேரான வழி. கார்த்திகை, மார்கழியில் வெள்ளம் நிற்கும் தாழ்ந்த வயலோரமாக இருந்தால் மழைக்கு முன் ஒட்ட வெட்டவே வேண்டாம். வேருக்குக் காற்றுக் கொண்டுசெல்லும் இலையும் தண்டும் இல்லாத கட்டை நீரில் மூழ்கினால் தூர் அழுகிவிடும்.