சைக்கிளில் விழுந்ததால் முதுகு வளையுமா?

கம்பம் பக்கத்திலிருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார்: 13 வயது மகளுக்கு முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்திருக்கிறது. இரண்டு வருடம் முன்பு சைக்கிளிலிருந்து விழுந்தாள். தான் விடியற்காலையே ஜீப் ஏறிக் குமுளிப் பக்கம் ஏலத்தோட்ட வேலைக்குப் போய்விடுவதால் கவனிக்காமல் விட்டோமோ என்று அழுகிறார்.

அம்மா, முதலில் அந்தப் பாரத்தை இறக்கி வையுங்கள். உங்கள் தவறு இதில் இல்லை. ஸ்கோலியோசிஸ், அதாவது முதுகெலும்பு இப்படிப் பக்கவாட்டில் வளைவது, வருபவர்களில் சுமார் 80 சதவீதம் பேருக்குக் காரணமே பிடிபடுவதில்லை. பரம்பரைக்குப் பங்கு உண்டு. சித்தி, அத்தை யாருக்காவது தோள் ஏற்ற இறக்கமாக இருந்ததா என்று விசாரியுங்கள். பிறவியிலேயே எலும்பு சரியாக உருவாகாதது, பெருமூளை வாதம், தசைச்சிதைவு நோய் ஆகியவையும் காரணமாகலாம். புத்தகப் பை, கோணலாக உட்காருவது, சின்ன வயதில் இடுப்பில் தூக்கியது எதுவும் காரணமல்ல.

அடிபட்டு வராதா? வரும், ஆனால் அபூர்வம். முதுகெலும்பு முறிந்து கோணலாகச் சேர்ந்தாலோ, வளரும் வயதில் தண்டுவடம் பலமாக அடிபட்டாலோ வளையலாம். விழுந்து சிராய்த்து, மறுநாளே பள்ளிக்கூடம் போன பிள்ளைக்கு அது பொருந்தாது. பெரும்பாலும் விழுந்த பிறகு உடம்பைக் கூர்ந்து பார்க்கிறோம், அப்போதுதான் கண்ணில் படுகிறது.

மகளைக் குனியச் சொல்லி பின்னாலிருந்து பாருங்கள். ஒரு பக்க விலா மேடாகத் தெரிகிறதா? தேனிக்கோ மதுரைக்கோ போய் எலும்பு மருத்துவரிடம் நின்றபடி எக்ஸ்ரே எடுங்கள். வளைவு 10 டிகிரிக்கு மேல் இருந்தால்தான் ஸ்கோலியோசிஸ். 25 தாண்டி, இன்னும் வளரும் பிள்ளை என்றால் பெல்ட் போடச் சொல்வார்கள். வயதுக்கு வரும் காலத்தில் வளைவு வேகமாகக் கூடும், தள்ளிப்போடாதீர்கள். கால் மரத்துப்போவது, சிறுநீர் அடக்க முடியாமை, ராத்திரி தூக்கத்தைக் கெடுக்கும் வலி இருந்தால் உடனே கிளம்புங்கள்.