ஸ்கேனில் ஒன்றுமில்லை, முழங்கை மட்டும் ஏன் இன்னும் வலிக்கிறது?

தசைநாணில் (தசையை எலும்போடு இணைக்கும் நார்) கிழிசல் கூடியிருக்கும் என்ற பயத்தை முதலில் விடுங்கள். பத்து மாத டென்னிஸ் எல்போ (முழங்கையின் வெளிப்பக்கத் தசைநாண் வலி), டம்ளரைத் தூக்கினாலே சுரீர் என்கிறது, ஸ்கேனில் புதிதாக எதுவுமில்லை என்கிறீர்கள். வலியின் அளவை வைத்துச் சேதத்தின் அளவைச் சொல்ல முடியாது. வலியே இல்லாதவர்களின் தசைநாணிலும் ஸ்கேனில் மாற்றங்கள் தெரிவதுண்டு.

ஒரு காரணம் இதுவாக இருக்கலாம்: மாதக்கணக்கில் வலிச் செய்தி வந்துகொண்டே இருந்ததால், அதை வாங்கும் தண்டுவட நரம்பணுக்கள் உஷாராகிவிடுகின்றன. வாசல் மணியின் ஒலியைக் கூட்டி வைத்தது மாதிரி, லேசாகத் தொட்டாலும் வீடே அதிர்கிறது. கற்பனை வலி என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள், உங்களுக்கு வலிப்பது நிஜம்.

ஒன்று செய்து பாருங்கள். முழங்கையின் வெளிப்புற எலும்பு முனையைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். அதே இடத்தை நல்ல கையிலும் அதே அளவு அழுத்துங்கள். நல்ல கையும் எதிர்பார்த்ததைவிட வலித்தால், நரம்பு மண்டலத்தின் பங்கு இருக்க வாய்ப்பு அதிகம். உறுதியான பரிசோதனை அல்ல, ஒரு துப்பு மட்டுமே.

முழு ஓய்வு வேண்டாம். முன்கையை மேசையில் வைத்து, மணிக்கட்டு விளிம்புக்கு வெளியே இருக்க, உள்ளங்கை கீழ்நோக்க, சின்ன எடையை அசையாமல் 30 விநாடி பிடியுங்கள். மறுநாள் வலி பழைய அளவுக்குத் திரும்பியிருந்தால் அந்த எடை சரி, கூடியிருந்தால் குறையுங்கள்.

விரல் மரத்துப்போனாலோ, கழுத்தைத் திருப்பும்போது வலி கைக்கு இறங்கினாலோ இதெல்லாம் பொருந்தாது. கழுத்து நரம்பைப் பார்க்கச் சொல்லி டாக்டரிடம் காட்டுங்கள்.