இரண்டையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள்

தோழியின் ரகசியத்தை வெளியிட்டதும், விருந்துக்குப் பொருந்தாத உடையில் போனதும் ஒரே அளவு தவறு என்று உங்கள் அண்ணன் சொல்வது சரியா எனக் கேட்டிருந்தீர்கள். இல்லை, இரண்டும் ஒன்றல்ல. தோழி தனியாக அனுப்பியதை நீங்கள் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் குழுவில் போட்டது ஒழுக்கக்கேடுதான். விருந்துக்குச் சாதாரண உடையில் போனது வழக்கத்தை மீறியது, அவ்வளவுதான். இரண்டையும் பார்த்து மற்றவர்கள் ஒரே மாதிரி முகம் சுளிப்பதால்தான் உங்கள் அண்ணன் இரண்டையும் சமமாக்குகிறார் என நினைக்கிறேன்.

ஒன்று செய்து பாருங்கள். “எல்லோரும் கூடி இதை அனுமதித்துவிட்டால், அப்போதும் தவறா?” என்று தனித்தனியாகக் கேளுங்கள். உடை விஷயம் அங்கேயே முடிந்துவிடும். தோழியின் ரகசியம் முடியாது. ஊரே சம்மதித்தாலும் காயப்படுவது அவர், அவருடைய சம்மதத்தை இன்னொருவர் தர முடியாது. உளவியலாளர் எலியட் டூரியல் இந்த மாதிரிக் கேள்விகளைக் குழந்தைகளிடம் கேட்டு ஆராய்ந்தவர். சின்னப் பிள்ளைகளே இந்த வேறுபாட்டைப் பிடித்துவிடுகிறார்கள்.

ஆனால் இந்தக் கேள்வி எல்லாவற்றையும் தீர்க்காது. துக்கத்தில் இருப்பவரைச் சீண்டவென்றே பகட்டாக உடுத்திப் போனால், உடையும் அவமதிப்பாகிவிடும். நோக்கத்தையும் சேர்த்துப் பாருங்கள்.

அந்தப் படத்தை இன்றே நீக்கிவிட்டுத் தோழியிடம் மன்னிப்புக் கேளுங்கள். அண்ணனோடு வாதத்தை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.